இனிஷியல் இல்லாத பூச்சு

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் செக்‌ஷனில் நான்கு செந்தில்கள் இருந்தார்கள். அது செந்தில்களின் காலம். வாத்தியார் வெறுமனே "செந்தில்" என்று கூப்பிட்டால் நாலு பேரும் "உள்ளேன் ஐயா" என்பார்கள், அல்லது நாலு பேரும் கம்மென்று இருப்பார்கள். ஜன்னல் கண்ணாடி உடைந்து ஹெட்மாஸ்டர் பிரம்போடு வந்த நாட்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான். அதனால் ரிஜிஸ்தரில் கே.செந்தில், எம்.செந்தில், ஆர்.செந்தில், இன்னொரு எம்.செந்தில். அந்த இரண்டாவது எம்.செந்தில் பாவம். முதல் எம். வாங்க வேண்டிய அடியில் பாதி அவனுக்குத்தான் போனது.

ஒரு இனிஷியல் போதாது என்பது நம் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. எம்.எஸ்.சுப்புலட்சுமியின் 'எம்' மதுரை. 'எஸ்' அவருடைய அம்மா சண்முகவடிவு. சி.என்.அண்ணாதுரையின் 'சி' காஞ்சிபுரம், அந்த நாள் இங்கிலீஷ்காரன் வாயில் கான்ஜீவரம். 'என்' நடராஜன். ஊர், பெற்றவர், பிறகு ஆள். எத்தனை அண்ணாதுரை இருந்தாலும் குழப்பம் வராது.

இந்த சமாசாரத்தை மறந்ததால் 2014-ல் நான் ஒரு பையனுக்குச் செய்த அநியாயத்தைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

அப்போது நான் ஒரு கட்டடக் கம்பெனியில் பிளானிங் இன்ஜினியர். பிளானிங் இன்ஜினியர் என்றால் செங்கல்லைத் தொடாமல் கட்டடம் கட்டுகிறவன் என்று அர்த்தம். வண்டலூர் தாண்டி ஒரு காலேஜுக்கு ஹாஸ்டல் கட்டிக்கொண்டிருந்தோம். ஏ பிளாக், பி பிளாக். ஒவ்வொன்றிலும் தரைத்தளமும் மேலே மூன்று மாடியும். ஒவ்வொரு தளத்திலும் அதே ஏழு வேலை: செங்கல் கட்டு, பிளம்பிங் பைப், ஒயரிங் பைப், பூச்சு, டைல்ஸ், கதவு ஜன்னல், பெயின்ட். பெருக்கிப் பாருங்கள், 56 வேலை. அதில் எட்டு பேருக்குப் பெயர் 'பூச்சு'. எட்டு செந்தில்!

இதையெல்லாம் மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் போட்டு வைத்திருந்தேன். 1984-ல் டாஸ் காலத்திலேயே பிறந்த மென்பொருள், 1990-ல் விண்டோஸுக்குக் குடி வந்தது. வேலைகளைக் குறுக்குக் கோடுகளாக வரைந்து காட்டுமே, அந்தப் படத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கர் 1919-லேயே காலமாகிவிட்டார். (அவருக்கு முன்னால் 1896-லேயே போலந்துக்காரர் ஒருவர், கரோல் ஆடமியெட்ஸ்கி, கிட்டத்தட்ட இதையே யோசித்துவிட்டார். போலிஷ் மொழியில் எழுதியதால் உலகம் கண்டுகொள்ளவில்லை. தமிழில் எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு.) பெரிய வேலையைச் சிறு வேலையாகவும் சிறு வேலையைக் குட்டி வேலையாகவும் மரம் மாதிரி பிரிப்பதற்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1968-ல் ஒரு தர விதியே போட்டது. விமானம், அதற்குள் இன்ஜின், அதற்குள் இன்னொன்று என்று. நமக்கு ஏவுகணை இல்லை, ஹாஸ்டல்தான். ஆனால் மரம் அதே மரம்.

மென்பொருளில் மரம் வளர்ப்பது சுலபம். ஒரு வரியில் நின்று ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு வலது அம்புக்குறியைத் தட்டினால் அந்த வேலை உள்ளே தள்ளிப் போய், மேலே இருப்பவருக்குப் பிள்ளையாகிவிடும். மேலே இருப்பவர் தடித்த எழுத்தில் குடும்பத் தலைவராகிவிடுவார். அசல் குடும்பத் தலைவர்தான். சொந்தமாக ஒரு துரும்பையும் கிள்ளிப் போட மாட்டார். முதலில் ஆரம்பிக்கும் பிள்ளையின் தேதியைத் தன் ஆரம்பத் தேதி என்பார், கடைசியில் முடிக்கும் பிள்ளையின் தேதியைத் தன் முடிவுத் தேதி என்பார். பிள்ளைகளின் செலவையெல்லாம் கூட்டித் தன் பேரில் ஒரு தொகை சொல்வார்.

ஸ்க்ரீனில் பார்த்தால் ஏ பிளாக், அதற்குள் இரண்டாம் மாடி, அதற்குள் பூச்சு என்று வம்சம் அழகாகத் தெரியும். எப்படித் தெரிகிறது? இடதுபக்கம் கொஞ்சம் இடைவெளி விட்டிருப்பதால். அவ்வளவுதான்! 'பூச்சு' என்ற பெயருக்குள் அப்பாவும் கிடையாது, ஊரும் கிடையாது. மேலே இரண்டு வரியை எடுத்துவிட்டால் அவன் அனாதை.

எங்கள் ஜி.எம். பழைய காலத்து ஆள். கொத்தனார் கரண்டி பிடித்த கோணத்தைத் தூரத்திலிருந்து பார்த்தே சுவர் நேராக வருமா என்று சொல்லிவிடுவார். பேப்பர் என்றால் மட்டும் அலர்ஜி. "ஒரே பக்கம். லேட்டானது மட்டும். அதிகமா லேட்டானது மேலே. ரெண்டாவது பக்கம் இருந்தா அதைப் படிக்க மாட்டேன், உன்னை வச்சுத் துடைச்சுப் போட்டுடுவேன்" என்று சொல்லியிருந்தார். நியாயமான கோரிக்கைதான். எல்லா பாஸும் கேட்பது இதைத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம். வீட்டுக்குப் போகிற அவசரம். லேட்டான வேலைகளை மட்டும் ஃபில்டர் செய்தேன். தாமதத்தின்படி வரிசைப்படுத்தினேன். அங்கே 'குடும்ப அமைப்பை அப்படியே வை' என்கிற அர்த்தத்தில் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்தால்தான் எல்லா மாடியின் வேலைகளும் கலந்து, அதிக லேட் மேலே வரும். எடுத்தேன். குடும்பத் தலைவர்கள் நடுநடுவே வந்து நின்றார்கள். அவர்களையும் மறைத்தேன். கச்சிதமாக ஒன்பது வரி. பிரின்ட் கொடுத்துவிட்டு பஸ் பிடித்தேன்.

திங்கள் காலை ஒன்பதரை மணி மீட்டிங். ஏ பிளாக்கைப் பார்த்துக்கொண்ட சீனியர் அன்றைக்கு லீவு. மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங் போயிருந்தார். பி பிளாக்கைப் பார்த்துக்கொண்டவன் ஒரு சின்னப் பையன். அருப்புக்கோட்டைப் பக்கம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது, அந்த மாதக் கடைசியில் கன்ஃபர்மேஷன்.

ஜி.எம். பேப்பரை எடுத்தார். முதல் வரி: பூச்சு, 14 நாள்.

"என்னய்யா இது, பூச்சு பதினாலு நாளா நிக்குது?" என்று மேஜையைச் சுற்றிப் பார்த்தார். சுற்றிப் பார்த்தால் உட்கார்ந்திருப்பது பையன்தான்.

"ஸார், என் பிளாக்ல பூச்சு ரெண்டு நாள்தான் ஸார் லேட்டு..."

"அப்ப இது?"

"அது என்னுது இல்ல ஸார்."

"பின்ன என்னுதா?"

உண்மையில் பையனின் பூச்சும் அந்தப் பேப்பரில் இருந்தது. ஏழாவது வரியில், 2 நாள் என்று. ஆனால் அதற்கும் பெயர் 'பூச்சு'தான். நடுவில் நான்காவது வரியில் இன்னொரு பூச்சு, 6 நாள். எது யாருடையது என்று பேப்பருக்கே தெரியாது.

ஜி.எம். என் பக்கம் திரும்பினார். "உன் ரிப்போர்ட்தானே? நீயே சொல்லு. எந்த பிளாக்?"

இந்த இடத்தில் நான் "பார்த்துச் சொல்றேன் ஸார்" என்று சொல்லியிருக்கலாம். லேப்டாப் பத்தடி தூரத்தில் இருந்தது. ஆனால் மீட்டிங்கில் எட்டு பேர் பார்க்கும்போது பிளானிங் இன்ஜினியருக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"பி பிளாக்னு... நினைக்கிறேன் ஸார்."

'நினைக்கிறேன்' என்ற வார்த்தை யார் காதிலும் விழவில்லை. பையன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். சரி, ஸார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நமக்குத்தான் ஏதோ தெரியவில்லை என்பது போலப் பார்த்தான்.

இரண்டு உத்தரவு பிறந்தது. ஒன்று, பூச்சு வேலை ஆட்கள் மொத்தப் பேரும் நாளையிலிருந்து பி பிளாக். இரண்டாவதை ஜி.எம். எழுந்து போகும்போது சொன்னார். "கன்ஃபர்மேஷனை மூணு மாசம் தள்ளிப் போடுங்க. பார்ப்போம்."

சாயங்காலம் மனசு கேட்காமல் ஃபைலைத் திறந்து பார்த்தேன். 14 நாள் பூச்சின் மேலே இருந்தது இரண்டாம் மாடி. அதற்கு மேலே, தடித்த எழுத்தில், ஏ பிளாக்.

அன்றைக்கே ஜி.எம். ரூமுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. எப்படியும் பி பிளாக்கிலும் கொஞ்சம் லேட்தானே, ஆள் போனால் நல்லதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தச் சமாதானத்தின் ருசி தெரியும். இரண்டு நாள் வரை கெடாது.

புதன்கிழமை மேஸ்திரி வந்தார். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, "இன்ஜினியர் ஸார், பி பிளாக்ல பூசறதுக்கு செவுரு எங்க ஸார் இருக்கு? எல்லாம் நேத்தே முடிஞ்சு போச்சு. ஆளுங்க டீ குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கானுங்க. ஏ பிளாக் ரெண்டாம் மாடி அப்படியே தொறந்து கெடக்கு" என்றார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்துக் காட்டினார். பென்சில் கையெழுத்து. 'ஏ – 2 மாடி – கெழக்கு – பூச்சு பாக்கி.' ஒவ்வொரு வரியும் அப்படித்தான். பிளாக், மாடி, திசை, வேலை. எந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்து யாரிடம் கொடுத்தாலும் அது எங்கே நடக்கிற வேலை என்று புரியும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய மென்பொருளை வைத்துக்கொண்டு நான் தயாரித்த பேப்பரில் இல்லாதது அந்தப் பத்து ரூபாய் நோட்டில் இருந்தது.

வியாழக்கிழமை ஜி.எம்.மிடம் போனேன். சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "திங்கக்கிழமை தெரியாது, சரி. சாயங்காலம் தெரிஞ்சுபோச்சுங்கறே. நடுவுல மூணு நாள் என்ன பண்ணினே?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆட்கள் மூன்று நாள் வீண். 14 நாள் தாமதம் 17 ஆகியிருந்தது. கன்ஃபர்மேஷன் விஷயம் ஏற்கெனவே ஹெட் ஆபீஸுக்கு லெட்டராகப் போயிருந்தது. ஜி.எம். போனை எடுத்தார். அவர் திட்டியதெல்லாம் ஹெட் ஆபீஸைத்தான். நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

பையனிடமும் போய்ச் சொன்னேன். சைட்டில் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "பரவால்ல ஸார்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாகிட்ட போன்ல சொல்லிட்டேன் ஸார், மூணு மாசம் தள்ளிப் போச்சுன்னு. இப்ப இல்லைன்னு சொன்னா நம்ப மாட்டாரு. நான் ஏதோ மறைக்கிறேன்னு நினைப்பாரு" என்றான்.

அவன் அப்பாவிடம் நானே பேசினேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. "பையனைப் பாத்துக்குங்க ஸார்" என்றார்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் ரிப்போர்ட்டோடு மல்லுக்கட்டினேன். பலனை உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன், உங்கள் ஆபீஸிலும் எட்டு பூச்சு இருக்கும். உங்கள் ஊரில் அதற்குப் பெயர் 'டெஸ்டிங்' ஆகவோ 'அப்ரூவல்' ஆகவோ இருக்கலாம்.

முதலில் குடும்பத்தோடு காட்டிப் பார்த்தேன். ஃபில்டரில் 'சம்பந்தப்பட்ட தலைப்பு வரிகளையும் காட்டு' என்று ஒரு டிக் உண்டு. அதைப் போட்டால் லேட்டான பிள்ளையோடு அப்பாவும் தாத்தாவும் கூடவே வருவார்கள். புரிந்தது, ஆனால் வரிசை போச்சு. குடும்பம் குடும்பமாக உட்கார வைத்தால் 17 நாள் லேட்டானவன் எங்கோ மூன்றாவது பந்தியில் இருக்கிறான். 'அதிகமா லேட்டானது மேலே' என்றவருக்கு இது ஆகாது. இரண்டு ஆசையும் ஒரே பேப்பரில் நிறைவேறாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குள் இன்னொரு கூத்து. முழு ஃபைலையும் எக்செல்லுக்கு மாற்றி அக்கவுன்ட்ஸுக்கு அனுப்பினேன். மாற்றும்போது இடைவெளியெல்லாம் உதிர்ந்து, 56 வேலை, 8 மாடி, 2 பிளாக், ஆக 66 வரியும் இடதுபக்கச் சுவரோரம் ஒரே வரிசையில் நின்றன. அக்கவுன்ட்ஸ் நண்பர் செலவுப் பத்தியின் அடியில் போய் ஒரே தட்டில் கூட்டல் போட்டார். வேலையின் செலவு ஒரு தடவை, அதையே மாடி ஒரு தடவை, அதையே பிளாக் ஒரு தடவை. ஹாஸ்டலின் செலவு சரியாக மூன்று மடங்கு! மனிதர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார். (பிறகு கற்றுக்கொண்டேன். 'எத்தனையாவது தலைமுறை' என்று சொல்லும் அவுட்லைன் லெவல் என்ற பத்தியையும் சேர்த்து அனுப்பினால், எக்செல்லில் ரெப்ட் என்ற ஃபார்முலாவால் அத்தனை இடைவெளியைப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளலாம். கூட்டும்போதும் மூன்றாம் தலைமுறையை மட்டும் கூட்டலாம்.)

அடுத்தது நம்பர். மென்பொருளே ஒவ்வொரு வேலைக்கும் 1.3.4 என்று ஒரு எண் கொடுக்கும். ஒன்றாவது பிளாக், அதில் மூன்றாவது தளம், அதில் நாலாவது வேலை. அந்தத் தளம்தான் இரண்டாம் மாடி. ஜி.எம். பார்த்துவிட்டு, "இது என்ன, ஐ.பி.சி. செக்‌ஷனா? ஜாமீன் கிடைக்குமா?" என்றார். அதைவிட ஒரு ஆபத்து உண்டு. தரைத்தளத்துக்கு மேலே புதிதாக ஒரு தலைப்பைச் செருகினால் இந்த வார 1.3.4 அடுத்த வாரம் 1.4.4 ஆகிவிடும். போன வாரப் பேப்பரை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் ஜாக்கிரதை. மாறாத எண் வேண்டுமென்றால் யுனிக் ஐ.டி. என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்கு அப்பா அம்மா கிடையாது.

பிறகு பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயரை மட்டும் போட்டேன். 'இரண்டாம் மாடி – பூச்சு'. ஆஹா என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், அதே பேப்பரில் கீழே இன்னொரு 'இரண்டாம் மாடி – பூச்சு'. பி பிளாக்கிலும் இரண்டாம் மாடி உண்டே! எம்.செந்திலும் எம்.செந்திலும். தாத்தா பெயரும் வந்தே ஆக வேண்டும்.

அந்த மென்பொருளின் ஃபார்முலா தன் வரியை விட்டு மேலே இருக்கும் அப்பாவை எட்டிப் பார்க்காது. அதனால் ஒரு சின்ன மேக்ரோ எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு வேலையிடமும் போய், 'உன் அப்பா யார், அவருக்கு அப்பா யார்' என்று மேலே ஏறிக் கேட்டு, மேஸ்திரி நோட்டு மாதிரி ஒரே வரியில் எழுதி வைப்பது. இருபது வரிகூட இல்லை. மேக்ரோ எழுதத் தெரியாதவர்கள் வேலைக்குப் பெயர் வைக்கும்போதே 'ஏ–2 பூச்சு' என்று வைத்துவிடலாம். என்னைக் கேட்டால் அதுதான் உத்தமம். அழகு கொஞ்சம் குறையும். ஸ்க்ரீனில் ஏ பிளாக்குக்குள்ளே ஏ பிளாக் என்று படிக்க அசட்டுத்தனமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த திங்கள். ஒன்பதரை மணி. பேப்பர் ஒரே பக்கம்தான். சீனியர் வந்திருந்தார். மகளுக்கு ஈ.சி.ஈ. கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரைப் பார்த்தார். முதல் வரியிலேயே நின்றார்.

"பதினேழு நாளா? பூச்சு... இது யாருது ஸார்?"

ஜி.எம். தன் பேப்பரை அவர் பக்கம் திருப்பி, விரலை அந்த வரியின் ஆரம்பத்துக்குக் கொண்டுபோனார். "ஏ பிளாக். இரண்டாம் மாடி. பூச்சு. ஊர் பேரு, அப்பா பேரு எல்லாம் போட்டிருக்கு. இதுக்கு மேல என்ன, நட்சத்திரம் ராசி வேணுமா?"

மேஜையின் கடைசியில் பையன் தலையைக் குனிந்துகொண்டு ஸ்வீட்டைப் பிரித்தான்.